விரலுக்குத் தெரிந்த எண்ணெய்

எந்த எண்ணெய் கையில் பட்டாலும் அவர் முதலில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்ப்பார். கண்ணை மூடிக்கொள்வார். நாம் பேசிக்கொண்டிருந்தால் இடது கையைத் தூக்கி நிறுத்துவார். கோயிலில் உத்தரவு கேட்டுப் பூ விழக் காத்திருப்பதுபோல அந்த இடமே ஒரு நிமிஷம் அடங்கிவிடும். பிறகு கண்ணைத் திறந்து தீர்ப்புச் சொல்வார். "இன்னும் ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓடும்." அல்லது, "இது செத்துப் போச்சு." அதற்கு மேல்முறையீடு கிடையாது.

ஒரகடத்தில் கியர் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவர் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். நான் அதே தொழிற்சாலையின் லேபில் இருந்தேன். பழுக்கக் காய்ச்சிய கியர்களை எண்ணெயில் முக்கிக் குளிர வைப்பார்கள். அந்த எண்ணெய் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது, எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்று கண்ணாடிக் குழாயில் விட்டு அளந்து, தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. அந்த வளாகத்தில் எண்ணெயைப் பற்றிச் சொல்வதற்கென்றே சம்பளம் வாங்கிய ஒரே ஆள் நான். எண்ணெயைப் பற்றி அவர் அதிகம் பாடம் எடுத்ததும் எனக்குத்தான்.

ஒருமுறை புதிதாக வந்த பீப்பாயில் தண்ணீர் கலந்திருப்பதாக எழுதித் திருப்பி அனுப்பச் சொன்னேன். அவர் லேபுக்கே வந்துவிட்டார். பீப்பாயிலிருந்து எடுத்த எண்ணெயைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "சொட்டுத் தண்ணி கெடையாது" என்றார். நான் அதில் கொஞ்சத்தைச் சூடான தட்டில் விட்டுக் காட்டினேன். படபடவென்று வெடித்தது. தண்ணீர் இருந்தால்தான் அப்படி வெடிக்கும்.

"சூட்டுல போட்டா எண்ணெய் பொரியத்தாம்மா செய்யும். வூட்ல வடை சுட்டதில்லியா நீ?" என்றார்.

"வடையில தண்ணி இருக்கு சார். அதனாலதான் பொரியுது."

அவர் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எதுக்கும் இந்த மிஷின ஒருவாட்டி சர்வீஸ் வுட்டுடு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் குறிப்பிட்ட மிஷின் வெறும் சூடு தட்டு. அதில் சர்வீஸ் செய்ய ஒயரைத் தவிர ஒன்றுமில்லை.

பாடம் பெரும்பாலும் நடந்தது அவருடைய காரில். பதினாறு வயதான வெள்ளைக் கார் அது. ஏசி குளிரவில்லை, பின்கதவில் ஒன்றை உள்ளிருந்து திறக்க முடியாது. ஆனால் எஞ்சின் மட்டும் தையல் மிஷின் மாதிரி ஓடும். பென்னலூரில் இருந்து காலையில் கிளம்பி, ஸ்ரீபெரும்புதூரில் என்னை ஏற்றிக்கொள்வார். கொஞ்ச தூரம் தள்ளி இசக்கி ஏறுவார். இசக்கி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மிஷின் ஷாப்பில் ஆபரேட்டர். பெட்ரோலுக்கென்று நாங்கள் எதைக் கொடுத்தாலும் கார்க்காரர் வாங்க மாட்டார். காதைக் கொடுத்தால் போதும்.

"சிந்தடிக்னா இன்னா?" என்று ஒருநாள் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"செயற்கையா தயாரிச்ச ஆயில் சார். மூலக்கூறெல்லாம் ஒரே அளவா…"

"செயற்கை. அத்தோட நிறுத்து. வாயில பல்லு நல்லா கீறப்போ செயற்கைப் பல்லு கட்டிப்பியா நீ?"

"மாட்டேன் சார்."

"காலு நல்லா கீறப்போ செயற்கைக் காலு?"

"மாட்டேன் சார்."

"அப்புறம் எஞ்சினுக்கு மட்டும் இன்னாத்துக்கு?"

பின்சீட்டிலிருந்து இசக்கி, "சரியாச் சொன்னிய ஸார்" என்றார்.

"மினரல் ஆயில்னா அதுலயே பேரு கீது பாரு. தண்ணியிலயே மினரல் வாட்டர்னு தனியா விக்கிறான். ஏன்? ஒடம்புக்கு நல்லது."

மினரல் ஆயில் ஏதோ ஊற்றில் சுரப்பது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அதுவும் வானளாவிய கோபுரங்களில் காய்ச்சி வடித்துத்தான் வருகிறது என்று நான் சொல்ல வாயெடுத்தபோது இடது கை மேலே போய்விட்டது. இதைச் சொன்ன மனிதர் அன்றைக்குப் போட்டிருந்தது பாலியெஸ்டர் சட்டை. மதியம் குடித்தது எந்த மரமும் காய்க்காத ஆரஞ்சு நிறத்தில் ஒரு பாட்டில் ஜூஸ்.

இன்னொரு வாதமும் அவரிடம் உண்டு. "பதினாறு வருசமா இட்லி துன்னவனுக்குத் திடீர்னு ஒருநாள் பீட்சா குடுத்தா இன்னா ஆவும்? சீல் புட்டுக்கும்." புட்டுக்கொள்வது எஞ்சின் சீலா, அந்த மனிதனின் வயிறா என்று அவர் தெளிவாகச் சொன்னதில்லை. இதில் ஒரு துளி உண்மை இல்லாமல் இல்லை. பழைய எஞ்சினில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல் ஏற்கெனவே தேய்ந்திருந்தால் படிந்த அழுக்குத்தான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். சிந்தடிக் அந்த அழுக்கைக் கழுவிவிடும். கசிவு வெளியே தெரியும். அந்த ஒரு துளியை வைத்துக்கொண்டு அவர் ஒரு பீப்பாய் பேசுவார்.

பார்க்கிங்கில் நிற்கும் எந்த வண்டியும் அவருக்கு விதிவிலக்கில்லை. ஒருநாள் பிளான்ட் ஹெட்டின் காரையே டிரைவரிடம் சொல்லித் திறக்க வைத்து, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவித் தேய்த்துப் பார்த்திருக்கிறார். நேராக அவர் அறைக்குப் போய், "சார், ஒங்க எண்ணெய்க்கு உசுரு இல்ல" என்று சொல்லியிருக்கிறார். வெளிநாட்டில் படித்த பிளான்ட் ஹெட் மறுநாளே வண்டியை சர்வீஸுக்கு அனுப்பினார். ஒருவன் அவ்வளவு நிச்சயமாகப் பேசினால், படித்தவனுக்கும் வயிற்றைக் கலக்கும்.

இந்த நிலையில் நாங்கள் ஒரு பழைய கார் வாங்கினோம். என் கணவருக்கு இருங்காட்டுக்கோட்டையில் வேலை. வண்டி அவருக்குத்தான் தேவைப்பட்டது. வாங்கிய வாரமே ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் நாங்கள் கூப்பிடாமலேயே வீட்டுக்கு வந்து, பானட்டைத் திறந்து, தேய்த்து, உத்தரவு போட்டார். மினரல்தான். கிலோமீட்டர் கணக்கு பார்க்கக் கூடாது. விரலைக் கேட்க வேண்டும். விரல் பழகும்வரை அவரே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துக்கொள்வார்.

நான் ஒரு வருஷம் அவர் சொன்னபடியே மினரல் ஊற்றினேன். லேபில் எண்ணெய் அளக்கும் நான். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் தினமும் காலையில் நாற்பது நிமிஷம் அவரோடு ஒரே காரில் உட்கார வேண்டியிருந்தது. அவரை எதிர்த்துப் பேசுவதைவிட எஞ்சினைக் கஷ்டப்படுத்துவது சுலபமாக இருந்தது.

அடுத்த முறை ஆயில் மாற்ற மண்ணூர் போகும் ரோட்டில் ஷெட் வைத்திருக்கும் ஆரோக்கியம் அண்ணனிடம் போனேன். அவர் வண்டியோடு வந்த புத்தகத்தை எடுத்துவரச் சொல்லி, ஒரு பக்கத்தைத் திறந்து விரலை வைத்தார்.

"கம்பெனிக்காரனே போட்டுக்கிறான் பாருங்க மேடம். இதே கிரேடுல சிந்தடிக் ஊத்தலாம். ஒண்ணும் ஆவாது. கீழ ஒரு அட்டை போட்டு வையுங்க. ஒரு வாரத்துல சொட்டு வுழுந்தா எடுத்துகினு வாங்க. வுழலன்னா சீல் நல்லா கீதுன்னு அர்த்தம்."

"எங்க ஸ்டோர்ஸ் சாருக்குத் தெரிஞ்சா…"

"சொல்லாதீங்க" என்றார், மிகச் சாதாரணமாக.

பழைய எண்ணெயை வடித்து, பில்டரை மாற்றி, சிந்தடிக்கை ஊற்றினோம். ஒரு வாரம் அட்டையைத் தினமும் குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். ஆயில் மாற்றியதை மட்டும் சொன்னேன்.

அளவுக் கம்பியை உருவினார். தேய்த்தார். கண்ணை மூடினார். இந்த முறை நிமிஷம் நீண்டது. பரீட்சையில் பிட் அடித்தவள் போல நின்றேன்.

கண்ணைத் திறந்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

"பாத்தியா? இதாம்மா மினரல். இந்த வழவழப்புல ஒரு நேர்மை கீது. இத்த சிந்தடிக்ல காட்டு பாப்போம்."

என் கணவர் வீட்டுக்குள் ஓடிவிட்டார். நான் காபி கொண்டுவருகிறேன் என்று பின்னாலேயே ஓடினேன்.

திங்கட்கிழமை கேன்டீனில் நான்கு பேரிடம் சொன்னேன். புதன்கிழமை தொழிற்சாலைக்கே தெரியும். "வழவழப்புல ஒரு நேர்மை" என்பது எல்லா ஷிஃப்டிலும் ஓடியது. சாம்பாரை ஊற்றும்போது சொன்னார்கள். கை கழுவும் சோப்பைப் பார்த்துச் சொன்னார்கள். சில ஆட்கள் வேண்டுமென்றே குட்டி பாட்டிலில் எதையாவது கொண்டுபோய் ஸ்டோர்ஸ் கவுன்டரில் வைத்து, "சார், கொஞ்சம் பாத்து சொல்லுங்க" என்பார்கள். அவர் பொறுமையாகத் தேய்த்துப் பார்த்துச் சொல்வார். ஒருநாள் அது தேங்காய் எண்ணெய். "கியர் ஆயில், ஆனா கலப்படம்" என்றார். அவர்கள் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவருக்கு எதுவும் தெரியாது. நாளுக்கு நாள் இத்தனை பேர் தன்னைத் தேடி வருகிறார்களே என்று அவர் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அந்தச் சிரிப்புக்கெல்லாம் நான்தான் முதலாளி. எனக்கு அது பிடித்திருந்தது.

இதை ஒருநாள் ஆரோக்கியம் அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"நீங்க ஒருத்தர்தான் ஏமாத்துனீங்கன்னு நெனச்சிகினு கீறீங்களா? அவரு வண்டியில மூணு வருசமா சிந்தடிக்தான் ஓடுது."

நான் நம்பவில்லை.

"அவரு ஊட்டுக்காரம்மா நர்ஸு, தெர்யும்ல? அவங்க வந்து சொல்லிட்டுப் போனாங்க. 'இவரு கிலோமீட்டர் பாக்க மாட்றாரு. வெரல்ல கேட்டுகினே ஓட்டுறாரு. எஞ்சின் என்னைக்காவது நடுரோட்ல நிக்கும். எது ரொம்ப நாளு தாங்குமோ அத்த ஊத்துங்க. அவராண்ட சொல்லாதீங்க'ன்னாங்க. மினரல் டப்பாவுல ஊத்தி வெச்சிருப்பேன். எதிர்லயே நின்னு பாத்துகினு இருப்பாரு. தேய்ச்சிப் பாத்துட்டு, 'ஆரோக்கியம், ஒங்கிட்டதான் ஒரிஜினல் கெடைக்குது'ம்பாரு."

வெள்ளைக் கார் தையல் மிஷின் மாதிரி ஓடியதன் காரணம் புரிந்தது. மினரலின் மகிமைக்கு அவர் தினமும் காட்டிய ஒரே சாட்சி அந்தக் கார்தான். "என் வண்டியப் பாரு! பதினாறு வருசம்! ஒரு சத்தம் கீதா?" என்பார். சத்தம் இல்லைதான். எனக்கு அன்றைக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டது. இதை மட்டும் கேன்டீனில் சொல்லவில்லை. எனக்கே எனக்கென்று வைத்துக்கொண்டேன். காலையில் அவர் ஆரம்பிக்கும்போது ஜன்னல் பக்கம் திரும்பி உள்ளுக்குள் ரசிப்பேன்.

அவர் ஆரம்பிப்பதை என்னைத் தவிர இன்னொருவரும் கேட்டுக்கொண்டிருந்தார். ரசித்துக் கேட்கவில்லை, நம்பிக் கேட்டார்.

இசக்கி அந்த வருஷம் ஏழு பேர் உட்காரும் பழைய டீசல் வண்டி ஒன்று வாங்கினார். மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், மாமியார் என்று குடும்பத்தோடு ஊருக்குப் போய்வர. விற்றவர் நல்ல ஆள். புதிதாக சிந்தடிக் ஊற்றி, மிச்சமிருந்த டப்பாவையும் டிக்கியில் வைத்துக் கொடுத்திருந்தார். இசக்கி அதை ஒளிக்காமல் காரில் சொல்லிவிட்டார்.

வெள்ளைக் கார் அப்படியே ஓரங்கட்டி நின்றது. "மொதல்ல அத்த கீழ வுடு" என்றார் அவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே இசக்கி வீட்டு வாசலில் ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத எண்ணெயை வடித்துக் கீழே விட்டு, மினரலை ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். விரல் பாடமும் நடத்தியிருக்கிறார். மறுநாள் இசக்கி இரண்டு விரல்களையும் எங்களிடம் காட்டினார். "நேத்து ராத்திரி பூரா தேச்சுப் பழகுனேம் மேடம்."

வண்டி நிறைய ஓடியது. மாதத்துக்கு ஒருமுறை ஊர். நடுவில் நண்பர்கள் வீட்டுக் கல்யாணங்கள். விரல் எதுவும் சொல்லாததால் எண்ணெயை ஒருமுறைகூட மாற்றவில்லை. ஆறேழு மாதம் கழித்து ஒருநாள் காலையில் இசக்கி பின்சீட்டில் இருந்து முன்னால் சாய்ந்து கேட்டார்.

"மேடம், எண்ணெய் ரொம்பக் கறுத்துக் கெடக்கு. எனக்கு வெரல்ல ஒண்ணும் பிடிபட மாட்டேங்கு. ஒங்க லேப்ல ஒருக்காப் பாத்துச் சொல்லுவியளா? ஒரு சின்ன பாட்டில்ல கொண்டாரேம்."

"டீசல் வண்டின்னா கறுக்கத்தான் செய்யும்" என்றார் அவர். "வெரல் கீறப்போ லேப் இன்னாத்துக்கு? அந்தம்மாவுக்கு ஆயிரம் வேலை கீது."

இசக்கி என்னைப் பார்த்தார். பத்து நிமிஷ வேலை. "கொண்டாங்க" என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அளந்து ஒரு தாளில் எழுதினால் அந்தத் தாள் காருக்குள் வரும். பேச்சு வளரும். எது மினரல், எது சிந்தடிக் என்று எல்லாம் வெளியே வந்துவிடும். நான் இத்தனை மாதமாகத் தின்றுகொண்டிருந்த மிட்டாய் தீர்ந்துவிடும்.

"சார்தான் பாத்துக்குறாரே" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன். என் குரலில் இருந்த கிண்டல் இசக்கிக்குப் புரியவில்லை. அவர் அதை லேபின் அத்தாட்சியாக எடுத்துக்கொண்டார்.

அதற்கு ஒன்றரை மாதம் கழித்து, இசக்கி குலதெய்வக் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு கிளம்பினார். சின்னப் பெண்ணுக்கு அங்கேதான் மொட்டை போடுவதாக வேண்டுதல். திண்டிவனம் தாண்டியதும் எஞ்சினில் சுத்தியல் அடிப்பதுபோலச் சத்தம் வந்திருக்கிறது. ஓரங்கட்டுவதற்குள் இறுகி நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரி சடக்கென்று ஒடித்துத் திருப்பியதால் தப்பித்தார்கள். நல்ல வெயில். நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லாத இடத்தில் நான்கு மணி நேரம் நின்றிருக்கிறார்கள். மாமியாருக்கு மயக்கம் வந்து ரோட்டிலேயே படுத்துவிட்டார். கொடைக்குப் போய்ச் சேரவில்லை. வண்டியைக் கட்டி இழுத்துவந்து ஆரோக்கியம் அண்ணன் ஷெட்டில் விட்டார்கள். அவர் எஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். "எண்ணெயா மேடம் இது? தார். அல்வா மாதிரி அள்ளி எடுத்தேன்."

மூன்றாம் நாள் காலை இசக்கி வழக்கமான இடத்தில் நின்றிருந்தார். ஏறினார். கதவைச் சாத்தினார். அவர் எங்களைத் திட்டப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"தப்பு எம் மேலதான் ஸார்" என்றார் இசக்கி. "மிஷின்ல நின்னு நின்னு வெரல்லாம் காச்சுப் போச்சு. தோலு தடிச்சிட்டு. எண்ணெய் கெட்டுப் போனது எனக்குச் சரியாத் தெரியல. நீங்க சொல்லிக் குடுத்ததுல ஒரு கொறையும் இல்ல."

அவர் தலையாட்டினார். "அதாம்ப்பா. அதுக்கு ஒரு பதம் கீது. எல்லாருக்கும் வராது."

அந்தத் தலையாட்டலை என்னால் தாங்க முடியவில்லை.

"என் வண்டியில ஓடுறது சிந்தடிக் சார்" என்றேன். "நீங்க தேய்ச்சுப் பார்த்து மினரல்னு சொன்னீங்களே, அன்னைக்கும் சிந்தடிக்தான். இந்த வண்டியிலயும் மூணு வருஷமா சிந்தடிக்தான் ஓடுது. உங்க வீட்ல அக்கா சொல்லி ஆரோக்கியம் அண்ணன் ஊத்துறாரு. அதனாலதான் இது ஓடுது. இசக்கி வண்டி நின்னுபோச்சு."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். இசக்கி, "மேடம்" என்று மட்டும் சொன்னார், என்னைத் தடுப்பதுபோல.

அவருடைய இடது கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது. வண்டி போய்க்கொண்டே இருந்தது. எங்கள் தொழிற்சாலை கேட் வந்தது, போனது. அவர் திரும்பவில்லை. நாங்களும் சொல்லவில்லை. ஒரகடம் மேம்பாலத்துக்குக் கீழே வந்தபிறகுதான் அவருக்கு நினைவு வந்து திருப்பினார். அவருக்கு முப்பது வருஷ வேலையில் அன்றைக்குத்தான் முதல் தாமதம். கேட் அருகில் வண்டியை நிறுத்திவிட்டு, "மூணு வருசமா?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

இறங்கி உள்ளே போனார். சாவி வண்டியிலேயே தொங்கியது. நான்தான் எடுத்துக்கொண்டுபோய் ஸ்டோர்ஸ் கவுன்டரில் வைத்தேன். அவர் நிமிரவில்லை.

அடுத்த மூன்று நாள் அவர் லீவு. நான்காம் நாள் இசக்கி லேபுக்கு ஓடிவந்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"மேடம், நேத்து சாயங்காலம் ஸார் வீட்டுக்கு வந்தாவ. அவ்வொ காரை நிறுத்திட்டு, சாவிய எங்கையில குடுத்துட்டாவ. எம் வண்டி சரியாகுத வரைக்கும் ஓட்டிக்கிடணுமாம். கொடைக்குப் போவாத பிள்ளைய இதுலயே கூட்டிட்டுப் போயி மொட்டை போட்டுட்டு வரணுமாம்."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாவ. 'மூணு வருசமா நான் இதுல சிந்தடிக்தான் ஊத்துறேன். வேற எதையும் ஊத்திடாத. யாராவது மினரல்னு சொன்னா நம்பாத'ன்னாவ." இசக்கி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க என்னமோ அவ்வொளுக்குத் தெரியாம ஊத்துனதுன்னிய. எம்புட்டு முன்னாடியே தெரிஞ்சு வச்சிருக்காவ, பாத்தியளா மேடம்?"

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு மாதத்துக்கும் மேல் அவர் கம்பெனி பஸ்ஸில் வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரோக்கியம் அண்ணன் ஷெட்டுக்குப் போய், பிரித்துப் போட்டிருந்த இசக்கியின் எஞ்சினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாராம். கேட்ட சாமானை எடுத்துக் கொடுப்பாராம். புது பாகங்களையெல்லாம் சென்னைக்குப் போய் அவரே வாங்கிவந்திருக்கிறார். "ஒரு வார்த்தை பேசல மேடம். அதாம் எனக்கு பயமா இருந்திச்சு" என்றார் ஆரோக்கியம் அண்ணன்.

இதெல்லாம் தெரிந்தும் எனக்கு மனம் ஆறவில்லை. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவே இல்லையே. ஒருநாள் ஸ்டோர்ஸில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டுவிட்டேன்.

"இசக்கிகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் சார்."

"இன்னா வார்த்தை?"

"தப்பு நடந்துபோச்சுன்னு."

அவர் லெட்ஜரை மூடினார். கண்ணாடியைக் கழற்றிக் கவுன்டரில் வைத்தார்.

"அவன் ஒன்னாண்ட லேப்ல பாக்கச் சொல்லிக் கேட்டானே. நீ ஏன் பாக்கல?"

நான் கவுன்டரில் கிடந்த கண்ணாடியையே பார்த்தேன்.

"நான் தெரியாம சொன்னேம்மா" என்றார். "ஒனக்குத்தான் தெரிஞ்சிருந்துச்சே."

குரலில் கோபம் இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையுறை கேட்டு வந்த ஒரு ஆளிடம் திரும்பிவிட்டார். லேபுக்கு நடந்து வந்தேன். அன்றைக்கு அளந்த எண்ணெய் எதிலும் எண் சரியாக வரவில்லை. மூன்று முறை திரும்ப அளந்தேன். அதற்குப் பிறகு கேன்டீனில் யாராவது நேர்மை, வழவழப்பு என்று ஆரம்பித்தால் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவேன். ஆரம்பித்து வைத்தவள் எழுந்துபோனால் நின்றுவிடுமா? அது அவர் ஓய்வுபெறும்வரை ஓடியது. கடைசி நாள் சால்வை போட்டபோதுகூடப் பின்வரிசையில் ஒருவன் முணுமுணுத்தான். சிரித்தார்கள். அவரும், என்னவென்று தெரியாமலேயே, கூடச் சேர்ந்து சிரித்தார்.

பிறகு இரண்டு வருஷம் அவரைப் பார்க்கவில்லை.

போன கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போயிருந்தேன். வாசலில் வழக்கம்போல் புது வண்டிகளுக்குப் பூஜை நடந்துகொண்டிருந்தது. ஒரு நீல நிற கார், மாலையும் சந்தனமுமாக நின்றது. மின்சார கார். பக்கத்தில் சின்ன வயதில் ஒரு கணவனும் மனைவியும். இருவர் கழுத்திலும் கம்பெனி அட்டை தொங்கியது; ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருக்க வேண்டும். அவர்களுக்கு முன்னால், நெற்றி நிறைய விபூதியோடு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் நின்றிருந்தார்.

"கரண்ட்டுல ரெண்டு வகை கீது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "காத்தாடியில வர கரண்ட்டு, நெலக்கரியில வர கரண்ட்டு. காத்தாடி கரண்ட்டு குளிர்ச்சி. பேட்டரிக்கு அதான் ஒத்துக்கும். நெலக்கரி கரண்ட்டு சூடு."

"வீட்ல வர்றது எந்த கரண்ட்டுன்னு எப்படி சார் தெரியும்?" என்று அந்தப் பெண் கவலையோடு கேட்டாள்.

அவர் பதிலுக்கு மூச்சு இழுத்தார். அப்போது என்னைப் பார்த்துவிட்டார்.

மூச்சு அப்படியே நின்றது. மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டுக்கொண்டார். பின்னால் அர்ச்சனைத் தட்டோடு நின்றிருந்த அவர் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இவங்கள கேளுங்க" என்று அவர் என்னைக் காட்டி அந்தப் பெண்ணிடம் சொன்னார். "லேப்ல கீறவங்க. அளந்து பாத்துதான் எதையும் சொல்லுவாங்க. நான் சும்மா வாய்க்கு வந்தத சொல்றவன்."

மனைவியின் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு கோபுர வாசலைப் பார்த்து நடந்துவிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னாலேயே போய் நாலு வார்த்தை பேசியிருக்க வேண்டும். நான் போகவில்லை.

"மேடம், நைட்டு முழுக்க சார்ஜ்ல போட்டா பேட்டரி கெட்டுடுமா?" அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். முகத்தில் அவ்வளவு நம்பிக்கை.

மின்சார காரைப் பற்றி எனக்கு ஒரு எழவும் தெரியாது. அதன் உள்ளே நான் உட்கார்ந்ததுகூட இல்லை. லேபில் நான் அளந்ததெல்லாம் எண்ணெய். அவள் கணவன் போனை எடுத்து, நான் சொல்வதை எழுதிக்கொள்ளத் தயாராக நின்றான். சுற்றி நின்ற இரண்டு மூன்று பேர்கூட இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"அப்படியில்லம்மா" என்றேன். "பேட்டரியும் மனுஷங்க மாதிரிதான்…"

அவன் எழுதிக்கொள்ள ஆரம்பித்தான்.